கோடு தப்பினால் கதை வரும்: தஞ்சாவூரிலிருந்து பத்தமடை வரை ஐந்து நாள்

முதல் நாள்: தஞ்சாவூர்

கும்பகோணத்தில் காலை ஆறரை மணி பஸ் ஏறித் தஞ்சாவூரில் இறங்கும்போதே வெயில் கழுத்தில் உறைத்தது. அக்னி நட்சத்திரம் தொடங்கி மூன்று நாள் ஆகிறது. இந்த வெயிலில் எதற்கு உப்பளத்துக்கும் பனங்காட்டுக்கும் போகிறாய் என்று அம்மா நேற்றிரவு கேட்டார். வெயில் இருந்தால்தானே அம்மா உப்பு விளையும், வெயில் தணிந்த பிறகு போனால் வேலை செய்கிற ஆட்களைப் பார்க்க முடியாதே என்றேன். ஒன்றும் சொல்லாமல் குடையை எடுத்து என் பைக்குள் திணித்துவிட்டார்.

பையில் மூன்று வரைநோட்டுகள், மைப்பேனா இரண்டு, பென்சில், பன்னிரண்டு கட்டி வாட்டர்கலர் இருக்கிற சின்ன டப்பா, தண்ணீரை வயிற்றில் வைத்திருக்கும் பிரஷ் ஒன்று, மடக்கு முக்காலி. அவ்வளவுதான். ஒரு மாத இதழுக்கு எட்டுப் பக்கம் தர வேண்டும். உப்பு, பனை, கோரை என்று மூன்று வேலைகள், மூன்று இடங்கள்.

என் தொழில் என்ன என்று இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். ஆட்களை நேரில் பார்த்து வரைவேன். வரையும்போதே அவர்களிடம் பேசுவேன். பேசியதைப் படத்தோடு சேர்த்து எழுதுவேன். பேட்டி எடுக்கிற ஓவியர் என்று சொல்லலாம், இன்னும் நல்ல பெயர் கிடைக்கவில்லை. அதற்கு முன்னால் சென்னையில் பதினோரு வருடம் பத்திரிகைகளுக்குக் கதைப் படம் போட்டேன். கதையின் சுருக்கம் நாலு வரி வரும், நாயகிக்குப் பின்னல், நாயகனுக்கு மீசை, மாலைக்குள் படம் போக வேண்டும். அந்தப் பதினோரு வருடத்தில் ஆயிரக்கணக்கான முகங்கள் வரைந்திருப்பேன். ஒன்றுகூட உயிரோடு இருக்கிற ஒருவருடைய முகம் இல்லை.

தஞ்சாவூரில் இறங்கியதற்குக் காரணம் இரண்டாம் சரபோஜி. 1798 முதல் 1832 வரை தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய மன்னர். அவர் காலத்தில் கண் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்து, ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பு எழுதி வைத்தார்கள். நோயாளி யார், என்ன தொந்தரவு, என்ன மருந்து கொடுத்தார்கள் என்று எழுதி, கூடவே அந்தக் கண்ணை வண்ணத்தில் படமாகவும் வரைந்தார்கள். சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கும் அந்த ஏடுகளின் அச்சுப் படங்களை முதன்முதலில் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. சிவந்து வீங்கிய இமை, வெள்ளை படர்ந்த கருவிழி. வரைந்தவர் மிக அருகே உட்கார்ந்து பார்த்திருக்கிறார். ஒரு பக்கத்தில் சொல், இன்னொரு பக்கத்தில் படம். நான் பிழைக்கிற பிழைப்பை இருநூறு வருடத்துக்கு முன்னாலேயே இந்த ஊரில் யாரோ செய்துவிட்டார்கள் என்று தோன்றியது. நோய் குணமாவதற்காகச் செய்தார்கள் என்பது இன்னும் பெரிய விஷயம்.

தஞ்சாவூர் ஓவியர்கள் அதே காலத்தில் இன்னொரு வேலையும் செய்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ஊருக்கு எடுத்துப்போக ஆல்பம் கேட்டார்கள். ஒவ்வொரு சாதிக்கும் தொழிலுக்கும் ஒரு படம்: கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், கையில் அவரவர் கருவி, பின்னால் வெறும் தாள். லண்டன் அருங்காட்சியகங்களில் இப்போது அவை இருக்கின்றன. மிக நுட்பமான வேலை, புடவைக் கரையை ஒரு மயிர்ப் பிரஷ்ஷால் இழுத்த மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் பானைக்காரரும் வண்ணாத்தியும் ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் கேட்கவில்லை. வரைந்தவர்கள் பெயரும் பெரும்பாலும் தெரியாது. நான் கதைப் படம் போட்ட பதினோரு வருடமும் இந்த ஆல்பத்தின் வாரிசாகத்தான் இருந்திருக்கிறேன். கண் ஏட்டின் பக்கம் வந்து சேர இவ்வளவு நாளாகிவிட்டது.

நூலகத்தின் அருங்காட்சியகக் கூடத்தில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வெளியே வந்தேன். அரண்மனை வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டியைக் கை பழகுவதற்காக வரைந்தேன். விரலைவிட நார்தான் கஷ்டம். “நாரு இப்படி நட்டுக்கிட்டு நிக்காது தாயி, தொவண்டு கிடக்கும்” என்றார். மாற்றினேன். அப்புறம் கதம்பம் விலை, மகன், மகனுடைய வேன் கடன் எல்லாம் வந்தது.

மதியம் மதுரைக்கு பஸ். அங்கிருந்து தூத்துக்குடி வந்து சேர இரவு பத்தாகிவிட்டது. பரோட்டா சால்னா. தூக்கம்.

இரண்டாம் நாள்: முள்ளக்காடு

காலை நாலரைக்கு ஆட்டோ. திருச்செந்தூர் சாலையில் முள்ளக்காட்டை நெருங்கும்போது இருட்டிலேயே இரண்டு பக்கமும் வெளிறித் தெரிந்தது. உப்பு அம்பாரங்கள். கீற்று போர்த்தியவை சில, போர்த்தாதவை சில. முதலில் சாலையோர டீக்கடையில் உட்கார்ந்தேன். எந்த ஊருக்குப் போனாலும் என் முதல் அலுவலகம் டீக்கடைதான். நோட்டைத் திறந்து கடைக்காரரின் பாய்லரை வரைந்தேன். பாய்லரில் ஒரு குழாயை விட்டுவிட்டேன் என்று அவர் சொன்னார், சேர்த்தேன். கால் மணி நேரத்தில் என்னை ஓர் உப்பளத்தின் கணக்குப்பிள்ளையிடம் கூட்டிப்போய், “நம்ம ஆளுதான், படம் வரையுதவுக” என்று விட்டார்.

குஜராத்துக்கு அடுத்து நாட்டில் அதிகம் உப்பு விளைகிற இடங்களில் தூத்துக்குடிப் பக்கமும் ஒன்று. வேலை பார்ப்பதற்கு எளிதாகத் தெரியும், கணக்கு கடுமை. தண்ணீரில் உப்பு எவ்வளவு அடர்த்தி என்பதை டிகிரியில் சொல்கிறார்கள், சூட்டை அல்ல. கடல்நீர் என்றால் மூன்று டிகிரி அளவில் தொடங்கும், போர்வெல்லில் எடுக்கிற உப்புத் தண்ணீர் அதைவிட ஏறியே இருக்கும். அதைப் பாத்தி பாத்தியாகக் கடத்திக் கடத்தி வெயிலில் வற்ற விடுகிறார்கள். இருபத்தைந்து டிகிரி வந்தால் உப்பு கட்டத் தொடங்கும். முப்பதை நெருங்க விட்டால் கசப்பு ஏறிவிடும், அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். கருவி இருக்கிறது. ஆனால் நான் பேசிய அக்கா கருவியைத் தேடவில்லை. காலை வைத்துப் பார்த்தார். “வழுவழுன்னு எண்ணெய் மாதிரி இருந்தா முத்திட்டுன்னு அர்த்தம்” என்றார்.

அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். பதினாலு வயதில் பாத்தியில் இறங்கியதாகச் சொன்னார். என் விதி ஒன்று: கஷ்டம் என்ன என்று கேட்க மாட்டேன். கருவியின் பெயரைக் கேட்பேன். “இது பேர் என்னக்கா?” “வாருபலகை.” நீளக் கம்பின் முனையில் ஒரு பலகை, அதை வைத்து உப்பைக் கரைக்கு இழுக்கிறார்கள். முக்காலியைப் பாத்தி வரப்பில் போட்டு வரைய ஆரம்பித்தேன்.

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்கள்தான் எனக்கு நல்ல மாடல். யாரையும் நிறுத்தி வைக்க வேண்டாம். ஒரு பக்கத்தில் நாலு சின்னப் படங்களைத் தொடங்குவேன். பலகையை வீசும்போது ஒன்று, இழுக்கும்போது ஒன்று, நிமிரும்போது ஒன்று, வியர்வை துடைக்கும்போது ஒன்று. அந்தந்த நிலை திரும்ப வரும்போது அந்தந்தப் படத்துக்குப் போய் இரண்டு கோடு போட்டுவிட்டு வருவேன். அரை மணி நேரத்தில் நாலும் ஒன்றாக முடியும்.

முடித்துக் காட்டினேன். பார்த்த உடனே தலையை ஆட்டினார்.

“இடுப்ப இப்படி வளைச்சா ஒரு மணி நேரம் நிக்க முடியாதும்மா. முட்டிய மடக்கணும். பாரு.”

திரும்பப் போய் இழுத்துக் காட்டினார். உண்மைதான். முதுகு கிட்டத்தட்ட நேராக இருந்தது. முழங்கால் மடங்கி, எடை முழுவதும் பின்னங்காலில். இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். மாமியார். மாமியார் எப்படிப்பட்டவர்? அங்கிருந்து முக்கால் மணி நேரம் பேசினார், நான் எதுவும் கேட்கவே இல்லை. கல்யாணமாகி வந்த இரண்டாவது வாரமே பாத்தியில் இறங்கியது, உப்பில் வெடித்த பாதத்துக்கு மாமியார் இரவில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டது, வெள்ளை வெளிச்சத்தில் மாமியாருக்குக் கண் மங்கிப் போனது, கடைசி இரண்டு வருடம் பாத்தியில் கால் வைத்துத் தண்ணீர் எத்தனை டிகிரி என்று சொல்வது மட்டுமே அவருடைய வேலையாக இருந்தது. கண்ணைப் பற்றிச் சொன்னபோது எனக்குச் சரபோஜியின் ஏடு ஞாபகம் வந்தது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்கு அரசு ஐயாயிரம் ரூபாய் நிவாரணம் தருகிறது. “வாங்குனேன், பொய் சொல்லக் கூடாது. ஆனா மழை மூணு மாசம்லா பெய்யுது” என்றார்.

அப்புறம் அவர் என்னைக் கேட்டார். இந்தப் படத்துக்கு உனக்கு எவ்வளவு குடுப்பாவ? எட்டுப் பக்கத்துக்கு என்ன தருகிறார்கள், அதற்குப் பத்து நாள் வரைகிற வேலை, பயணச் செலவு என் கையிலிருந்து, எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். “அப்ப ஒனக்கும் நாள் கூலிதான்” என்றார். ஆமாம் அக்கா என்றேன். என்னைப் பார்த்த பார்வை அதற்குப் பிறகு மாறிவிட்டது. தன் தூக்குவாளியிலிருந்து நீராகாரம் ஊற்றிக் கொடுத்தார்.

படத்தைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். இதை எங்கே போனாலும் கேட்பேன். பல வருடத்துக்கு முன்னால் ஒரு செங்கல் சூளையில் ஒரு பெண்ணை வரைந்தேன். சிரித்துக்கொண்டே பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். நான் வேலை பார்த்த பத்திரிகை அந்தப் படத்தை அடுத்த வருடம் வேறொரு கட்டுரைக்கு எடுத்துப் போட்டது. கடனுக்காகப் பிள்ளையை அடகு வைத்த தாய் என்பது கட்டுரை. என்னையும் கேட்கவில்லை, அவரையும் கேட்கவில்லை. அவர் ஊரில் யாரோ அதைக் காட்டியிருக்கிறார்கள். தொலைபேசியில் அவர் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. அந்த வேலையை அந்த மாதமே விட்டேன். அன்றிலிருந்து, வரைந்ததை முதலில் பார்ப்பவர் வரையப்பட்டவர்தான். அவர் வேண்டாம் என்றால் நோட்டோடு போயிற்று.

அக்கா சரி என்றார். ஆனால் ஒரு பிரதி வேண்டும். செல்போனில் அனுப்பினால் ஆகாது, தாளாக வேண்டும், லேமினேட் பண்ணியது. “உப்புக் காத்துக்குத் தாளு நிக்காது” என்றார்.

கிளம்புமுன் பிரஷ்ஷில் தண்ணீர் தீர்ந்திருந்தது. பாத்தியிலிருந்தே தொட்டு வானத்துக்கு ஒரு நீலம் இழுத்தேன். காயக் காய அதில் சின்னச் சின்ன நட்சத்திரமாகப் புள்ளி பூத்தது. உப்பு வண்ணத்தை இழுத்துக்கொண்டு நிற்கிறது, விரலால் தடவினால் நறநறவென்று இருக்கிறது. மீதி வண்ணத்தை, அம்பாரம், புடவை, தரையில் விழுந்த நிழல் எல்லாவற்றையும் லாட்ஜ் அறையில் சாயங்காலம் ஞாபகத்தில் முடித்தேன். கடல் காற்று வீசத் தொடங்கியதும் அந்தப் பக்கம் மறுபடி ஈரமாகிவிட்டது. பாத்தித் தண்ணீரில் இருக்கிற கசப்பு உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை வாங்கும். நோட்டை விரித்தே வைத்துத் தூங்கினேன்.

மூன்றாம் நாள்: உடன்குடி

செம்மணல் மேடு, இங்கே தேரி என்பார்கள். அதில் பனை. திருச்செந்தூர் தாண்டி உடன்குடிக்குள் நுழையும்போது பஸ் ஜன்னல் முழுக்க அது மட்டும்தான். பக்கத்துக் குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் வருகிறது, 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அதைப் பற்றி பஸ்ஸில் பெரிய விவாதம் நடந்தது. நான் நுங்கு சாப்பிட்டுக்கொண்டு கேட்டேன்.

பனையேறும் அண்ணாச்சிக்கு அறுபது வயது. விடியுமுன் தொடங்கி முப்பது மரம், சாயங்காலம் திரும்ப அதே முப்பது. கால்களில் தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டி, கையில் முருக்குத்தடி. தடியை மரத்தில் சாய்த்து முதல் சில அடி ஏறி, அப்புறம் வெறும் கையும் காலும். ஒரு நிமிடத்துக்குள் ஐம்பது அடி மேலே இருக்கிறார். மேலே போய்ப் பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குகிறார். சுண்ணாம்பு இருந்தால் பதநீர், இல்லாவிட்டால் புளித்துக் கள். 1987 முதல் கள்ளுக்குத் தடை, அதனால் சுண்ணாம்பை யாராவது சோதித்துக்கொண்டே இருப்பார்கள் என்றார்.

ஏறுகிறவரை வரைவது லேசான காரியம் இல்லை. முதல் ஆறு மரமும் வீண். ஏழாவதில் முதுகின் கோடு பிடிபட்டது. பதினைந்தாவதில் கால். கீழே வந்ததும் காட்டினேன்.

“அரிவாள்பெட்டி முன்னால வந்தா மரத்துல இடிக்கும்லா? பின்னால தள்ளுங்க.”

தள்ளினேன். பெட்டி யார் முடைந்தது? அவரே. பாளை சீவும் அரிவாள்? அவர் அப்பாவுடையது. தீட்டித் தீட்டி அகலம் பாதியாகிவிட்டது. கையில் வாங்கிப் பார்த்தேன், கைப்பிடியில் நாலு விரலுக்கும் பள்ளம் இருந்தது. என் விரல்கள் அதில் பொருந்தவில்லை. அண்ணாச்சியின் விரல்களும் முழுக்கப் பொருந்துவதில்லையாம், அப்பாவுக்குப் பெரிய கையாம். அந்தக் கைப்பிடிக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் கொடுத்தேன்.

விடிலியில் அவர் மனைவி காய்ச்சிக்கொண்டிருந்தார். விடிலி என்றால் கருப்பட்டி காய்ச்சுகிற ஓலைக் கொட்டகை. நான் வாசலில் தயங்கி நின்றபோது அவர் சொன்னது: “வாரவுக எல்லாம் மரத்துல ஏறுதவரத்தான் போட்டோ எடுக்காவ. அடுப்புப் பக்கம் யாரும் எட்டிப் பாக்கல.”

உள்ளே போய் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம். புகையில் கண் எரிந்தது, தாளில் வியர்வை சொட்டிக் கோடு கரைந்தது. சருகு ஓலையையும் உடைமுள்ளையும் தள்ளித் தள்ளி எரிக்கிறார். பதநீர் பொங்கி விளிம்பைத் தொடும்போது இடித்த ஆமணக்கு முத்து ஒரு சிட்டிகை போட்டார், பொங்கல் அப்படியே அடங்கியது. நிறம் மாறிக்கொண்டே வந்து கூப்பனி என்கிற கெட்டிப் பாகாகிறது. துளி எடுத்துத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்தார். உருண்டது. வரிசையாக அடுக்கிய சிரட்டைகளில் ஊற்றும்போது அந்தக் கை நடுங்கவே இல்லை. பத்து லிட்டர் காய்ச்சினால் ஒரு கிலோவும் கொஞ்சமும். சர்க்கரை கலந்தவன் மலிவாக விற்கிறான், நாங்கள் கலக்காமல் என்ன விலை சொல்ல என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை, எழுதிக்கொண்டேன்.

அவர் படத்தைத் திருத்தவில்லை. வெகுநேரம் பார்த்தார். “நான் இப்படித்தான் உக்காருவேனா?” என்று மட்டும் கேட்டார்.

ராத்திரி எழுதுவது: இந்த வேலைக்கு வேறு வழிகளும் உண்டு. ஜோ சாக்கோ, மால்டாவில் பிறந்தவர், காஸாவிலும் போஸ்னியாவிலும் மக்களைச் சந்தித்துப் பேட்டி எடுத்துச் சித்திரமாக்கியவர். நம் உத்தரப்பிரதேசத்தின் குஷிநகருக்கும் வந்து தலித் மக்களின் வறுமையை வரைந்திருக்கிறார். அவர் பேட்டியைப் பதிவு செய்து, புகைப்படம் எடுத்து, ஊருக்குப் போய் மாதக்கணக்கில் வரைவார். போர் நடக்கிற இடத்தில் அதுதான் முறை. ஓவியர் சில்பி வேறு மாதிரி. ஆனந்த விகடனில் ஓவியர் மாலி அவருக்கு அந்தப் பெயரை வைத்துச் சிற்பங்களை வரையும் வேலையைக் கொடுத்தார். கோயில் கோயிலாகப் போய்ச் சிலைக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்தார். சிலை பேசாது, ஆனால் அவர் எதிரே உட்கார்ந்தார். எனக்கு அந்த உட்காருதல் வேண்டும். வீட்டுக்குப் போய் வரைந்தால் என் தப்பை யார் திருத்துவார்கள்?

இதை நான் கற்றது அப்பாவிடம். அப்பா கும்பகோணத்தில் போர்டு எழுதுகிறவர். மளிகைக் கடை, டாக்டர் கிளினிக், லாரியின் பின்பக்கம் எல்லாம் அவர் கை. ஃபிளெக்ஸ் வந்த இரண்டு மூன்று வருடத்தில் கடையை மூடினார். அப்புறம் பக்கவாதம், வலது கை போயிற்று. நான் சென்னையிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து என்ன பேசுவதென்று தெரியாமல் அவரை வரைந்தேன், பழைய நாள் மாதிரி பிரஷ் பிடித்திருப்பதாக. பார்த்துவிட்டு இடது கையால் தாளைத் தட்டினார். “பிரஷ்ஷை அப்படிப் பிடிச்சா ‘ழ’ வராதும்மா. மணிக்கட்டு போர்டுல படக்கூடாது, சுண்டுவிரல் மட்டும்தான் தாங்கணும்.” நாற்பது வருடத் தொழில், அவர் என்னிடம் சொன்ன முதல் தொழில் பேச்சு அது. நான் அதுவரை கேட்டதே இல்லை. அன்று சாயங்காலம் வரை பேசினார். ஓவியர் கோபுலு சாருக்கும் பக்கவாதம் வந்தது, இடது கையால் வரையப் பழகினார் என்று சொன்னேன். தஞ்சாவூர்க்காரர்தானே, செய்வார் என்றார். மறுநாள் இடது கையில் சாக்பீஸ் கேட்டார்.

அந்தப் படம், திருத்தின சுண்டுவிரலோடு, இன்னும் என்னிடம் இருக்கிறது.

நோட்டில் எறும்பு ஏறுகிறது. விடிலியில் பதநீர் சிந்திய பக்கம். தட்டிவிட்டுப் படுக்க வேண்டும்.

நான்காம் நாள்: திருநெல்வேலி

பெரும்பாலும் பஸ். ஜங்ஷன் பக்கம் ஒரு பாத்திரப் பட்டறையில் கேட்டுப் பார்த்தேன், வேண்டாம் என்றார்கள். சரி. யாரும் மறுக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. மதியம் தூங்கினேன். அல்வா வாங்கி அம்மாவுக்கு பார்சல் போட்டேன்.

ஐந்தாம் நாள்: பத்தமடை

அம்பாசமுத்திரம் சாலையில் முக்கால் மணி நேரம். வயல், வாய்க்கால், தென்னை. மூன்று நாள் வறண்ட நிலம் பார்த்த கண்ணுக்குத் தாமிரபரணிப் பச்சை மருந்து போட்ட மாதிரி இருந்தது.

பெரியம்மாவின் வீட்டுத் திண்ணையைத் தாண்டினால் கூடம், கூடத்தின் தரையோடு தரையாகத் தறி. இங்கே பட்டுப்பாய் நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் வீட்டுப் பெண்கள். ஆற்றங்கரைக் கோரையை வெட்டி, கீறி, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, காயவைத்து, இன்னும் மெல்லிசாகக் கீறிச் சாயம் ஏற்றுகிறார்கள். குறுக்கே போகிற ஊடை கோரை, நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல். பாவில் எத்தனை நூல் என்பதுதான் பாயின் தரம். நூற்றிருபது, நூற்றிநாற்பது என்று போனால் பாய் துணி மாதிரி மடங்கும். 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு இந்த ஊரிலிருந்து பாய் போனது. அந்தக் கதையை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்கிறார்கள்.

பெரியம்மாவும் மருமகளும் எதிரெதிரே குந்தி உட்கார்ந்து நெய்கிறார்கள். நான் இரண்டு ஜோடிக் கைகளை வரைந்தேன். நல்லா வந்திருக்கிறது என்று எனக்கே தோன்றியது. காட்டினேன். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பென்சில் நுனியால் என் கோடுகளை எண்ண ஆரம்பித்தார். நிஜமாகவே எண்ணினார்.

“அறுபதுகூட இல்லியேம்மா. இது சமுக்காளம்.”

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் புதுத் தாள் எடுத்தேன். பாவு நூலை மட்டும் நூற்றிருபது கோடாக, ஒன்றோடொன்று தொடாமல், அளவுகோல் இல்லாமல் இழுத்தேன். நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆனது. கோடு இழுக்கும்போது என்னால் பேச முடியாது, மூச்சைப் பிடிக்க வேண்டும். நான் பேசாததால் அவர் பேசினார்.

கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பெண் பெயரை நெய்து தர வேண்டும். கட்டம் போட்ட தாளில் எழுத்தைப் புள்ளியாக வைத்து, அதைப் பார்த்து ஊடை ஊடையாக எழுத்து ஏற்ற வேண்டும். ‘ஸ்ரீ’ வந்தால் ஒரு நாள் கூடுதல். ஒரு முறை பெயர் நெய்து முடித்த பிறகு கல்யாணம் நின்றுபோனது. அந்தப் பாயை வாங்க யாரும் வரவில்லை. பெயர் இருந்த இடத்தை மட்டும் பிரித்து, வேறு கோரை கோத்தாராம். இரண்டு வாரம். பாயை வெட்டி எறிந்திருக்கலாமே என்றேன். “கோரை என்னம்மா செஞ்சிச்சு?” என்றார்.

எத்தனை ஜோடிப் பெயர் நெய்திருப்பீர்கள்? எண்ணிக்கை தெரியாது. பெயர்கள் தெரியும். சொல்லிக்கொண்டே போனார், சாதி மதம் எல்லாம் கலந்து, பாட்டு மாதிரி. ஒருவர் முகத்தையும் பார்த்ததில்லை. எல்லாமே கடை வழியாக வருகிற ஆர்டர்.

நூற்றிருபதையும் முடித்துக் காட்டினேன். மறுபடி எண்ணவில்லை. விரலால் தாளைக் குறுக்கே தடவினார், பாயைத் தடவிப் பார்ப்பதுபோல. மருமகளிடம் நீட்டி, “பாரு, நூலு தெரியுது” என்றார்.

சாயங்காலம் திருநெல்வேலி திரும்பி, பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் உப்பள அக்காவின் படத்தைக் கலர் பிரதி எடுத்து லேமினேட் போடச் சொன்னேன். நாளைக் காலை தூத்துக்குடி போய் டீக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு அங்கிருந்தே ரயிலேற வேண்டும். மூலப்படம் இன்னும் லேசாகப் பிசுபிசுத்தது. கண்ணாடியில் ஒட்டாமல் இருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் தாள் வைத்து நகல் எடுத்தான் கடைப் பையன். இருபது வயது இருக்கும். பிரதியைக் கையில் எடுத்தவன் மெஷினில் விடாமல் பார்த்துக்கொண்டே நின்றான்.

“முள்ளக்காடாக்கா?”

ஆமாம், எப்படித் தெரியும் என்றேன்.

“எங்க ஆச்சி பழையகாயல்ல பாத்தியிலதான் வேலை பாத்தாவ. லீவுக்கு நான்தான் சோறு கொண்டுபோவேன்.” கொஞ்சம் தயங்கினான். “அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீயளே. நிழலு இப்படிக் கருப்பா விழாது. உப்பு வெள்ளைல்லா, கீழ இருந்தும் வெளிச்சம் அடிக்கும். ஆச்சி முகத்துக்குக் கீழதான் வெளிச்சமா இருக்கும். நிழலு லேசா ஊதா மாதிரி, இருக்கா இல்லையான்னே தெரியாது.”

லாட்ஜ் டியூப்லைட்டில் நான் ஞாபகத்தில் போட்ட நிழல் அது. லேமினேட் வேண்டாம், பத்து நிமிடம் பொறு தம்பி என்றேன். கடை ஸ்டூலில் உட்கார்ந்து, ஈரத் துணியால் மூலப்படத்தின் நிழலை மெல்ல ஒற்றி எடுத்தேன். டப்பாவில் ஊதாவைத் தொட்டுத் தண்ணீர் விட்டுக் கரைத்து, இவ்வளவா என்று காட்டினேன். இன்னும் லேசாக என்றான். இன்னும் தண்ணீர் விட்டேன்.

“ஆங். இது.”

ஆச்சி இப்போது எங்கே என்று கேட்டேன். பின்னால் இரண்டு பேர் ஜெராக்ஸுக்கு நின்றார்கள். அவன் அவர்களை ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு, மெஷினை அணைத்து, எதிரே வந்து உட்கார்ந்தான்.